கேமரா வாங்கும் முன் ஊரின் காற்றையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குவோர் எந்தக் கேமராவை வாங்கலாம் என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். விலை, சென்சார் அளவு, மெகாபிக்சல், வீடியோ வசதி எல்லாம் தெளிவாக இருந்தன. எழுதியவரின் உழைப்பு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி அதில் எங்குமே வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஃபிலிம் கேமரா, டிஜிட்டல் கேமரா இரண்டும் இன்றும் என் கையில் புழங்குகின்றன. கடலோரத்தில் இருப்பவர் கேமரா வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது, வாங்கியதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது, பழுதானால் யாரிடம் கொடுப்பது, ஃபிலிம் என்றால் ரோலை எங்கே கழுவுவது என்பதைத்தான். மெகாபிக்சல் எல்லாம் அதற்கப்புறம்.

எங்கள் ஊரில் கேமராவுக்கு முதல் எதிரி ஃபங்கஸ் என்னும் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுப் புடவையே ஈர வாடை அடிக்கும். லென்ஸுக்குள் மட்டும் காற்று புகாதா என்ன? கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் பரவும். அது வெறும் அழுக்கு இல்லை. அதிலிருந்து கசியும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிடும். மெக்கானிக் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தாலும், முற்றிய கேஸ் என்றால் அரித்த தடம் போகாது. வெயிலுக்கு எதிராகப் படம் எடுக்கும்போது படம் முழுக்க வெளிறித் தெரியும்.

பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவன், கல்லூரியில் படிக்கிறான், ஆன்லைனில் ஒரு பழைய 50 எம்எம் லென்ஸ் வாங்கினான். ‘புதுசு மாதிரி இருக்கிறது’ என்று விற்றவர் எழுதியிருந்தாராம். வந்ததும் நேராக என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தான். வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துக் காட்டினேன். முன்பக்கம் பார்த்தால் பளிங்கு. டார்ச் வெளிச்சத்தில் ஓரத்திலிருந்து நடுவரை வெள்ளை நூல்கள். அவன் முகம் வாடியதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பழைய லென்ஸை நேரில் வாங்குவதானால் இந்த டார்ச் சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆன்லைன் என்றால், டார்ச் அடித்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள்.

பெரிய செலவில், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினட் வாங்க எல்லோராலும் முடியாது. வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மூடியில் ரப்பர் வைத்த, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. இவ்வளவுதான் என் ஏற்பாடு. மீட்டர் முள் 40 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். 60-க்கு மேலேயே கிடந்தால் ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம். அதற்காக 30-க்கும் கீழே இறக்கி ஒரேயடியாகக் காயவைப்பதும் வேண்டாம். சிலிக்கா ஜெல்லில் நீல மணியை விட்டு ஆரஞ்சு மணியாகக் கேட்டு வாங்குங்கள். நீலத்தில் இருக்கும் கோபால்ட் உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு மணி ஈரம் குடித்துப் பச்சையானதும், சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு வாணலியில் சிறுதீயில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். அதைப் பல தடவை இப்படிப் பயன்படுத்தலாம்.

இன்னும் பல வீடுகளில் கேமராவை அதோடு வந்த தோல் உறையிலேயே போட்டு, பக்கத்தில் அந்துருண்டையும் வைக்கிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்துருண்டை ஆவியாகிக் கண்ணாடியில் படியும். இரண்டையுமே தள்ளி வையுங்கள். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கோ வேளாங்கண்ணிக் கரைக்கோ போய்வந்த அன்று, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியை ஒரு தடவை துடைத்து, காற்றாட வைத்து, அப்புறம் டப்பாவில் போட வேண்டும். உப்பு ஒரு ராத்திரி சும்மா இருக்காது.

சரி, எந்தக் கேமரா என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபிலிம் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் உள்ளதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.2, எஃப்.எம்.10 மாதிரியானவை. பேட்டரி தீர்ந்தாலும் இவற்றின் ஷட்டர் அடிக்கும். லைட் மீட்டர் மட்டும்தான் வேலை செய்யாது. அந்த மீட்டருக்கும் எல்.ஆர்.44 பட்டன் செல் போதும். அது எங்கள் ஊர்க் கடிகாரக் கடையிலேயே கிடைக்கிறது. யாஷிகா எலக்ட்ரோ 35 பார்க்க அழகான கேமராதான், லென்ஸும் அருமை. ஆனால் அது 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. அடாப்டர் தேடிப் பிடித்து 6 வோல்ட் பேட்டரி போட வேண்டும். பேட்டரி இல்லாவிட்டால் அதன் தானியங்கி வெளிச்சக் கணக்கு வேலை செய்யாது. பெருநகரத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் சின்ன விஷயம். சின்ன ஊரில் இருப்பவருக்கு அப்படி இல்லை. கே1000 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கி வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும்.

என் கையில் இருப்பது எஃப்.எம்.10. அதோடு பழைய டிஜிட்டல் நிக்கான் டி7000. இரண்டுக்கும் ஒரே லென்ஸ்: 50 எம்எம் எஃப் 1.8 டி. ஃபிலிமும் டிஜிட்டலும் இரண்டும் வேண்டும், கையில் காசோ குறைவு என்று சொல்பவர்களுக்கு இந்தக் கூட்டணியை நான் மனதாரச் சொல்வேன். லென்ஸை மாட்டும் வாயான நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. வாய் அமைப்பு இன்றுவரை அதேதான். ஆனால் பொருந்துகிறது என்பதாலேயே எல்லாம் வேலை செய்துவிடாது. கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. என் 50 எம்எம் மாதிரி உள்ளே மோட்டார் இல்லாத ‘டி’ வகை லென்ஸைப் போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி90, டி7000 போன்றவற்றில் மோட்டார் உண்டு. மறுபக்கம், பின்னால் வந்த ‘ஜி’ வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே இல்லை. அதை எஃப்.எம்.10-இல் மாட்டினால் துளை மிகச் சிறிய அளவிலேயே நின்றுவிடும். ‘டி’ லென்ஸுக்கு வளையமும் உண்டு, டி7000-இல் ஆட்டோ ஃபோகஸும் ஆகும்.

அந்த வளையத்தில் 22 என்ற எண் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டும் இருக்கும். டிஜிட்டலில் மாட்டும்போது 22-இல் நிறுத்திப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் கேமரா ‘எஃப்.ஈ.ஈ’ என்று காட்டிவிட்டுப் படம் எடுக்க மறுக்கும். இதைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று பயந்து சர்வீஸுக்கு எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். ஃபிலிம் பாடியில் மாட்டும்போது பூட்டை எடுத்துவிட்டு வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம். டி7000-இன் சென்சார் சின்னது என்பதால் அங்கே 50 எம்எம் ஏறக்குறைய 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். முகங்களுக்கு அது மிக நல்லது. வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்க இடம் போதாது. அதற்கு 35 எம்எம் வேண்டும்.

டி7000 வந்தது 2010-இல். வெறும் 16 மெகாபிக்சல்தானே என்பார்கள். 16-க்கு 11 அங்குலம் வரை தரமான பிரிண்ட் போட அது தாராளம். வீட்டுச் சுவரில் அதைவிடப் பெரிதாக எத்தனை படம் மாட்டப் போகிறோம்? எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போவதால், கண்ணாடி உள்ள இந்தப் பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது, ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற ஷட்டர் கவுண்டைப் பாருங்கள். டி7000-இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள அழுக்குப் புள்ளிகள் தெரிந்துவிடும். கைப்பிடி ரப்பர் பிசுபிசுத்து உரிந்திருந்தால், அந்தக் கேமரா ஈரத்தில் கிடந்ததோ என்று சந்தேகப்பட்டு உள்ளேயும் பாருங்கள்.

புதியவர்கள் ஃபிலிமிலிருந்து தொடங்க வேண்டும், அப்போதுதான் ஒழுக்கம் வரும் என்று சில மூத்த நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இன்று ஒரு கலர் ரோல், கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. தவறு செய்து கற்க வேண்டிய வயதில் ஒவ்வொரு தவறுக்கும் காசு கேட்டால் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்? டிஜிட்டலில், ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே அமைக்கும் ‘எம்’ மோடில் கை பழகட்டும். வெளிச்சத்தைப் பார்த்ததும் ஷட்டரும் அப்பர்ச்சரும் மனதில் வரத் தொடங்கியதும் ஃபிலிமுக்கு வரட்டும். வெளிச்சத்தை உணரும் வேகம் 400 ஐ.எஸ்.ஓ. உள்ள ஃபிலிம், உச்சி வெயில் என்றால் அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி என்று மீட்டர் இல்லாமலேயே சொல்லிவிடலாம். வெயில் பட்ட மணல்வெளியில் எஃப் 22.

ஃபிலிம், டிஜிட்டல் இரண்டிலும் வெளிச்சக் கணக்கு நேர்மாறு என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். விடிகாலையில் படகு கரை சேரும்போது சூரியன் கடல் பக்கமிருந்து எழும். கூடையோடு நிற்கும் அக்காவின் முகம் எதிர்வெளிச்சத்தில் இருண்டுவிடும். எஃப்.எம்.10 என்றால் நான் அவரிடம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் போய், முகத்துக்கு மட்டும் மீட்டர் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து எடுப்பேன். வானம் கொஞ்சம் வெளுத்தாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்தால்தான் தாங்காது. டிஜிட்டலில் வெளுத்துப்போன வானத்தை மீட்கவே முடியாது. அங்கே வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, சென்சார் பதிவை அப்படியே வைக்கும் ‘ரா’ ஃபைலாக எடுத்து, முகத்தின் வெளிச்சத்தைக் கணினியில் கூட்டிக்கொள்வேன். ஒரே லென்ஸ், ஒரே இடம், ஒரே முகம். ஆனால் செய்முறை வேறு.

அடுத்தது கழுவுவது. முன்பெல்லாம் ஸ்டுடியோவில் காலையில் கொடுத்தால் சாயங்காலம் பிரிண்ட் கைக்கு வரும். கலர் லேப் இயந்திரங்கள் போய்விட்டன. கலர் ரோலை வெளியூருக்குக் கூரியரில்தான் அனுப்புகிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை. சினிமா ஃபிலிமை வெட்டிச் சின்ன ரோலாகச் சுற்றிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அவற்றில் பலவற்றின் பின்பக்கம் ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு இருக்கும். சாதாரண கலர் லேபில் கொடுத்தால் அது கரைந்து மற்றவர்களின் ரோலையும் மருந்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அனுப்பும் முன் லேபில் சொல்லிவிடுங்கள்.

கருப்பு வெள்ளையை மட்டும் வீட்டிலேயே கழுவலாம், அது ஒரு தனி ஆனந்தம். ஆனால் மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரித் தண்ணீருக்கு உரியது. எங்கள் குழாயில் சித்திரையில் வருவது 30 டிகிரி. இல்ஃபோர்ட் எச்.பி.5 ஃபிலிமை டி-76 என்ற டெவலப்பர் மருந்தில் நீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு கூடக் கூட அந்த நேரம் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்கும் கீழே போனால் கழுவல் ஒரே சீராக வராமல் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்துகொள்கிறேன். அப்போது 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் ஏறக்குறைய 8 நிமிடம். பாட்டில்களை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தி 24-க்குக் கொண்டுவருவது சுலபம். 20-க்கு இறக்க மல்லுக்கட்ட வேண்டாம். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும். கடைசி அலசலுக்கு எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் உதவாது. காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளி விழும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிவைத்தால் பல ரோலுக்கு வரும்.

ஃபிலிம் முழுக்க வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பது எனக்கு இன்றும் மனசுக்கு ஆறவில்லை. உதகையில், இந்து நகரில், 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலையில் ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் தயாரானது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் அந்த ரோலைப் போட்டுப் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுத்த குடும்பங்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ. ஃபிலிம், கேமரா இரண்டும் இந்த நாட்டிலேயே செய்யப்பட்டவை. இன்று அந்த ஆலை இல்லை. ஒரு ரோலின் விலை டாலர் விலையோடு ஏறுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு விஷயம். அடுத்த முறை கேமராக்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பட்டியலில் இன்னும் சில கட்டங்கள் சேருங்கள்: சர்வீஸ் சென்டர் எந்தெந்த ஊரில் இருக்கிறது, என்ன பேட்டரி, அது எளிதில் கிடைக்குமா, தூசி ஈரம் தாங்கும் சீல் உண்டா. வாங்குபவருக்கு இவை மெகாபிக்சலைவிட அதிகம் உதவும்.

இன்னொன்று, பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள். ஒட்டிக்கொண்ட ஷட்டர் இதழ்களைப் பிரித்துத் துடைப்பது, வெளிச்சம் கசியாமல் தடுக்கும் லைட் சீல் நைந்துபோனால் மாற்றுவது, மீட்டர் முள்ளைச் சரிசெய்வது எல்லாம் கை அறிந்த வேலை. இதைச் செய்பவர்கள் மாநிலத்தில் சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்கள் கடை எங்கே இருக்கிறது என்று இளைஞர்களுக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்ள ஆள் வந்தால் சொல்லித்தரத் தயார் என்று என் கேமராவைப் பார்க்கும் பெரியவரே என்னிடம் சொன்னார். அவர்களுடைய சம்மதத்தோடு ஊரையும் கடையையும் குறிப்பிட்டு வெளியிட்டால் இரு தரப்புக்கும் பயன்படும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசி வாக்கில், அந்தக் கட்டுரை வந்தால் நல்லது. மழை தொடங்குவதற்குள் பலர் பீரோவில் கிடக்கும் கேமராவை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகப்பட்டினம்.